கம்பியக்காவுக்கு வரும் போன்

பல் துலக்கிய கையோடு கம்பியக்கா ஜன்னலுக்கு வந்துவிடுவார். திரைச்சீலையை ஒதுக்கி, எதிர்ச்சாரிக் கம்பத்திலிருந்து தன் வீட்டுக் கூரை விளிம்புக்கு வரும் டெலிபோன் ஒயரை ஒரு தடவை பார்ப்பார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்குகிறதா என்று பார்க்கிற பார்வை. ஒயர் பக்கத்து வீட்டு மரக்கிளையில் உரசினால் முகம் சுருங்கும். காக்கை உட்கார்ந்திருந்தால் ஜன்னல் கம்பியைத் தட்டி விரட்டுவார். "வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?" என்று கேட்கவும் செய்வார். ஒயரைக் கம்பி என்று சொல்லும் தெருவில் அவருக்கு இந்தப் பெயர் வந்தது இப்படித்தான். காக்கையக்கா என்று வைக்காமல் விட்டார்களே, அதுவரைக்கும் நல்லது என்பார் அவர் கணவர்.

ஒயர் அக்காவின் அப்பா காலத்தது. வெயிலும் மழையும் பட்டு மேலுறை வெடித்திருந்தது. கூரை விளிம்புக் கொக்கிக்குப் பக்கத்தில், யாரோ எப்போதோ போட்ட ஒட்டு ஒன்று கறுப்பு டேப்புக்குள் உப்பிக்கொண்டு நின்றது. பேசுவதற்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். நெட்தான் அதில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். காற்றடித்தால் போகும், தூறல் விழுந்தால் போகும், ஒன்றுமே இல்லாத நாளிலும் சும்மா போகும். டெலிபோன் ஆபீஸில் புகார் சொன்னால், போனில் பேச்சு கேட்கிறதா என்று விசாரிப்பார்கள். கேட்கிறது என்றால், அப்படியானால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துவிடுவார்கள்.

அக்காவின் பிழைப்போ அந்த ஒயரில்தான் ஓடியது. வீட்டிலிருந்தபடியே ஒரு மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுத் தருவது வேலை. அழைப்புகள் எல்லாம் நெட் வழியாகத்தான் வரும். படுக்கையறையில் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மேசை. அதன்மேல் கம்ப்யூட்டர், மூடி போட்ட தண்ணீர் டம்ளர், கண்ணுக்கு நேராக மோடம். பக்கத்து ஸ்டூலில் தூசி படிந்த லேண்ட்லைன். யாருடைய மூட்டுவலியைக் கேட்டாலும் அக்காவின் ஒரு கண் மோடத்தின் பச்சை விளக்கில் இருக்கும். அது சிமிட்டத் தொடங்கினால் பேச்சு வேகமெடுக்கும். "பேரு, வயசு மொதல்ல சொல்லிடுங்கம்மா, வலி எங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். காற்று நாட்களில் அவரிடம் பேசியவர்கள், ஏதோ ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அக்காவுக்கு ஒரே தம்பி, பஸ் ஓட்டுகிறார். அப்பா இறந்த அன்று, பயணிகளோடு வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வர முடியாமல், எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றார். கூடியிருந்தவர்கள் முன்னால் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். அப்புறம் பேச்சுவார்த்தையே இல்லை. கேட்டது தப்பு என்று அக்காவுக்கு அன்று சாயங்காலமே தெரியும். தெரிந்து என்ன, சொல்ல வாய் வரவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை நெட் செத்துக் கிடந்தபோது லேண்ட்லைன் அடித்தது. தம்பிதான். அப்பாவுக்குப் பார்த்த கண் டாக்டர் யார் என்று கேட்டார். அவருடைய மாமியாருக்குக் காட்ட வேண்டுமாம். பதில் சொல்லிக்கொண்டே அக்கா திரும்பிப் பார்த்தால், மோடத்தில் விளக்கெல்லாம் பச்சை. "டேய், நீ அடிச்சதும் நெட்டு வந்துருச்சுடா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப நாளைக்கும் அடிக்கவா?" என்றார் தம்பி.

அன்றிலிருந்து தினமும் வேலை தொடங்கும் முன் மணி அடிக்கும். டிப்போ இரைச்சலுக்கு நடுவே தம்பி "வந்துச்சா?" என்பார். அக்கா "வந்துருச்சு" என்றதும் வைத்துவிடுவார். சில நாள் விளக்கு பச்சையாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மழை, முதுகுவலி, மாமியாரின் கண் எல்லாம் வந்து போகும். அன்றைக்குக் கேட்டதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட வேண்டும் என ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் அக்கா நினைப்பார். அதற்குள் பாழாய்ப்போன விளக்கு வந்துவிடும்.

"உன் கையிலயே செல் இருக்கு. அதுலேருந்து நம்ம நம்பருக்கு நீயே அடிச்சுக்கிட்டா என்ன?" என்று கணவர் ஒரு நாள் கேட்டார்.

"அவன் அடிச்சாதான் நிக்குது."

மச்சான் கையில் கரண்ட் ஜாஸ்தி போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு கணவர் வேலைக்குப் போய்விட்டார்.

ஒயரை மாற்ற ஆள் அனுப்புவதாக ஒரு வழியாகத் தகவல் வந்தது. வீட்டில் இருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார் அக்கா. மறுபடி கேட்டார்கள், மறுபடியும் அதே பதில். ஆனால் போன வாரம் ஒரு தாய், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெட் போனது. திரும்ப வருவதற்குள் அந்தத் தாய் வேறெங்கோ போய்விட்டார். மேலாளர் கோபப்படவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். அக்காவுக்கு வேலையை விடவும் அந்தக் குழந்தைதான் உறுத்தியது. தானே போன் செய்து லைன்மேனை வரச் சொன்னார்.

லைன்மேன் ஏணி போட்டு ஏறி ஒட்டைப் பிரித்தார். உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. "பேசறதுக்கு இது போதும்மா, நெட்டுக்குப் பத்தாது. மணி அடிக்கறப்ப கரண்ட் கூடுதலா வரும், அந்த நேரத்துக்கு ஒட்டிக்கும்" என்றார். யார் அடித்தாலும் ஒட்டுமா என்று கணவர் அப்பாவி முகத்தோடு கேட்டார். யார் அடித்தாலும்தான் என்றார் லைன்மேன். அக்கா காக்கையைப் பார்ப்பது போலக் கணவரைப் பார்த்தார்.

புது ஒயர் கிளைக்கு எட்டாமல் விறைப்பாகப் போகிறது. அன்று மாலை நல்ல காற்று, விளக்கு அசையவில்லை. அக்காவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் போய் லேண்ட்லைன் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பிக்குச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கணவர் கேட்டதற்கு, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

காலையில் மணி அடித்தது. மோடத்தில் விளக்கெல்லாம் வரிசையாகப் பச்சை. அக்கா ரிசீவரை எடுத்தார்.

"வந்துச்சாக்கா?"

அக்கா கையை நீட்டி மோடத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இன்னும் வரலடா. வச்சுடாத" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.