அமரர் ஊர்தியின் இன்ஜின்

புள்ளைங்களா, உங்க அப்பன் செஞ்ச கார் சாவு வண்டி இன்ஜின்ல ஓடுதுன்னு ஸ்கூல்ல யாராவது சிரிச்சா, ஆமான்னு சொல்லுங்க. தலையைக் குனிஞ்சிக்கினு சொல்லாதீங்க. அந்த இன்ஜினை நான் ஏன் எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியணும், அதான் எழுதுறேன். எட்டாவதோட நின்னவன் எழுத்து. தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்குங்க.

மாமல்லபுரத்து ஓட்டல்ல வர்றவங்க காரை வாங்கி நிறுத்தறதுதான் என் வேலைன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் தரையோட படுத்த மாதிரி ஒரு ரெண்டு சீட்டு கார் வந்துச்சு. சாவிக்குக் கையை நீட்டினேன். "நீ வேணாம்ப்பா, இதெல்லாம் உனக்குப் புரியாது"ன்னு சொல்லிட்டு, ஓட்டிக்கினு வந்தவரே கொண்டுபோய் நிறுத்தினாரு. எனக்குப் புரியற மாதிரி ஒரு காரை நானே செய்யறேன்னு அன்னைக்கு பஸ்ஸுல வர்றப்பவே முடிவு பண்ணிட்டேன்.

கிட்டுன்னு விக்கறாங்க. காரோட எலும்புக்கூடும் மேல்தோலும் வரும். உள்ள இருக்கிற இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு எல்லாத்தையும் ஒரு பழைய வண்டியில இருந்து கழட்டி நாம மாட்டிக்கணும். ரெண்டு கிட்டு பார்த்தேன். ஒண்ணு செவப்பா, கதவு ரெக்கை மாதிரி மேல தூக்கறது. நீங்க ரெண்டு பேரும் போன்ல அந்தப் படத்தைத்தான் தேய்ச்சு தேய்ச்சுப் பார்த்தீங்க. ஆனா அது பழைய கார் மேல போடற வேஷம். உள்ள இருக்கறது அதே கார்தான். இன்னொண்ணு வெறும் இரும்புக் குழாய் ஃபிரேம். கதவு இல்ல, கூரை இல்ல, ஒவ்வொரு போல்ட்டும் கண்ணுக்குத் தெரியும். அதைத்தான் எடுத்தேன். உங்க மூஞ்சி தொங்கிப்போச்சு. பரவால்ல. வேஷம் போடறதுக்கு நான் இதை ஆரம்பிக்கல. ரோட்டுல ஓட்ட நம்பர் கிடைக்காதுன்னும் தெரியும். அதுவும் பரவால்ல.

செங்கல்பட்டுல உங்க மாமனுக்கு வெல்டிங் ஷெட் இருக்குல்ல, அங்கதான் ஃபிரேமை இறக்கினோம். பின்சக்கரம் இழுக்கற வண்டிதான் இந்த ஃபிரேமுக்குச் சேரும். சீட்டுக்கு அடியில இன்ஜின் இருக்கிற பழைய வேனைத் தேடினோம். உங்க மாமன் கோவளத்துல இருந்து ஒரு மீன் வண்டியைக் கொண்டாந்தாரு. பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு. அடியில படுத்துப் பார்த்தேன். ஐஸ் தண்ணியும் உப்பும் வருஷக்கணக்கா சொட்டி, பின் அச்சு போல்ட்டெல்லாம் துருவோட ஒட்டிப்போயிருந்துச்சு. ஸ்பேனர் போட்டதும் தலை உடைஞ்சு கையில வந்துச்சு.

அப்புறம் கருங்குழியில ஒண்ணு கிடைச்சது. அமரர் ஊர்தி. ஊர்வலத்துக்கு முன்னாடி நடை வேகத்துல ஊர்ந்த வண்டி. அதனால கிளட்ச் தீய்ஞ்சு போயிருக்கும், சூடேறி இன்ஜின் ஹெட் வளைஞ்சிருக்குமோன்னு பயந்துதான் பார்த்தேன். கிளட்ச் தீய்ஞ்சுதான் இருந்துச்சு, மாத்திக்கலாம். ஹெட் சுத்தம். கம்ப்ரஷன் நாலு சிலிண்டர்லயும் சமமா நின்னுச்சு. அச்சுல துரு ஒரு பொட்டு இல்ல. எவனும் அந்த வண்டியைத் தொடல, அதனாலயே எவனும் அதைக் கெடுக்கல.

வண்டியை விலை பேசி வாங்கிட்டு உங்க மாமனுக்குப் போன் போட்டேன்.

"இன்னா மச்சான், விளையாடறியா? பொணம் ஏத்துன வண்டி இன்ஜின் என் ஷெட்டுல இறங்கக் கூடாது."

"இன்ஜின் மேல எவனும் படுக்கல மச்சான்."

"நக்கலா? ஒரு கஸ்டமர் உள்ள வருவானா? நம்ம பெரியவங்க சாவு வேலை பாத்துக்கினு இருந்தாங்க. அதுல இருந்து வெளிய வர்றதுக்கு எவ்ளோ பேஜாரு பட்டோம்! நீ மறுபடியும் அத்த வூட்டுக்கு இட்டுக்கினு வர்ற."

அவர் சொன்னதுல பொய் இல்ல. என் அப்பா சாவு வூட்டுல மோளம் அடிச்சாரு, குழி வெட்டினாரு. ஊருல ஒரு சாவுன்னா அவர் இல்லாம ஒண்ணும் நடக்காது. வேலை முடிஞ்சதும் அவரைத் தொட மாட்டாங்க. எட்டத்துல நின்னு தண்ணி ஊத்துவாங்க.

"என் அப்பனை அவங்க தள்ளி வெச்சாங்க. அதே காரணத்துக்கு இந்த இன்ஜினை நானும் தள்ளி வெக்கணுமா? முடியாது மச்சான்."

"அப்போ உன் ஃபிரேமைத் தூக்கிக்கோ."

தூக்கிட்டேன். குட்டி யானை வண்டியில ஏத்தி நம்ம வூட்டு வாசல்ல தார்ப்பாய் கட்டி நிறுத்தினேன். ஷெட் போச்சு, வெல்டு வெக்க இருந்த உங்க மாமனும் போயிட்டாரு. உங்க அம்மா என்கிட்ட பேசல. "எங்க அண்ணன் வூட்டு வாசப்படியை மிதிக்க முடியாம பண்ணிட்டே"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. அது எனக்கு வலிச்சது. இன்ஜினைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு ஒரு நிமிஷம்கூட நினைக்கலன்னு சொன்னா பொய். ஆனா கொடுக்கல.

தெருவுல கிண்டல் ஓயல. எதிர்வூட்டுக்காரன் தினம் எட்டிப் பார்ப்பான்.

"அண்ணாத்த, ஊதுவத்தி ஏத்தட்டா?"

"ஏத்து. ஆனா இதுல ரெண்டு சீட்டுதான், படுத்துக்கினு போக முடியாது. உனக்கு வேற வண்டி சொல்லி வெக்கறேன்."

இன்ஜின் உக்கார்ற தாங்கியை, இரும்பு கேட் செய்யற பட்டறையில வெல்டு வெச்சு வாங்கினேன். காலை வெக்கற இடத்துக்கு முன்னாடி ஒரு தகடு தேவைப்பட்டுச்சு. அந்த வேனோட பக்கத் தகட்டையே வெட்டி மாட்டினேன். அதுல 'அமரர் ஊர்தி'ன்னு எழுதியிருந்தது. பெயிண்ட் அடிச்சு மறைக்கச் சொன்னீங்க. நான் அடிக்கல.

ஓட்டிப் பார்க்க இடம் வேணும். உங்க மாமன் ஷெட்டுக்குப் பின்னாடி, பிளாட் போட்டு விக்காம கிடக்கிற தரிசு இருக்குதே, அதோட சொந்தக்காரர்கிட்ட கேட்டேன். ஓட்டிக்கோன்னாரு. ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியை அங்க கொண்டுபோய் இறக்கினோம். பக்கத்து சீட்டு இன்னும் வரல, அரிசி சாக்கை மடிச்சுப் போட்டிருந்தேன். உங்களைத்தான் ஏறச் சொன்னேன். நீங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கினீங்க.

உங்க அம்மா வந்தா. புடவையை இழுத்துச் செருகிக்கினு, குழாயைத் தாண்டி உள்ள இறங்கி, சாக்கு மேல உக்காந்தா. கால் அந்தத் தகட்டுல பட்டுச்சு. எழுத்தைப் பார்த்தா. காலை நகத்தல.

"இன்னா பாக்கற? ஓட்டு."

கிளட்சை விட்டேன். நடந்து நடந்தே பழகின இன்ஜின், முதல் தடவையா கத்திக்கினு ஓடுச்சு. மண் ரோட்டுல வளைஞ்சு ஷெட்டு பக்கமா வந்தோம். உங்க மாமன் மூஞ்சியில வெல்டிங் மாஸ்க்கோட வாசல்ல நின்னுக்கினு இருந்தாரு. மாஸ்க்கைத் தூக்கல. ஆனா வேலையை நிறுத்தியிருந்தாரு, கையில இருந்த வெல்டிங் ராடு எரியல.

அம்மா அவரைப் பார்த்தா. அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"இன்னொரு சுத்து போ. இந்த தபா வேகமா."