எந்தச் சோடா

பாண்டியம்மாள் இறந்துபோன பிறகு அவளுடைய ரவிக்கைகளை எடுத்து முகர்ந்து பார்த்த மகளுக்கு அம்மாவின் வாசம் கிடைக்கவில்லை. சோப்பின் வாசம் இருந்தது. பீரோவின் வாசம் இருந்தது. நாளெல்லாம் பனியன் கம்பெனியில் நின்று வேர்த்தவளின் துணியில் வேர்வையின் சுவடே இல்லை. காரணம் ஆப்ப சோடா.

குளித்துத் துடைத்துவிட்டு, ஈர விரலில் ஒரு சிட்டிகை தொட்டு இரண்டு அக்குளிலும் தடவிக்கொள்வாள். கல்யாணமாகி உசிலம்பட்டியிலிருந்து திருப்பூர் வந்த புதிதில், பஜ்ஜிக் கடை போட்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக் கொடுத்தது. அவள் தோலுக்கு அது ஒத்துக்கொண்டது. வேர்வை நிற்காது, வாடை எழாது. வேர்வையில் உண்டாகும் அமிலத்தைச் சோடா அடக்கிவிடுகிறது என்று சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கும் மகள் ஜோதிகா ஒருமுறை விளக்கினாள். "அடக்குதுல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பாண்டியம்மாள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, பிசிறு வெட்டி அடுக்க வேண்டும். மேஜையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் கருத்தம்மா. ஆண்டிபட்டிக்காரி. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள், ஒருத்தி வீட்டுச் சண்டையை மற்றவள் தீர்த்து வைப்பாள். கருத்தம்மாவின் பேச்சு இல்லாவிட்டால் பாண்டியம்மாளுக்குக் கை ஓடாது.

ஒரு சித்திரை மாதம் சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் பாண்டியம்மாளைத் தனியே கூப்பிட்டான்.

"ஏனுங்க்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கருத்தம்மாக்காவப் பேக்கிங் பக்கம் மாத்தலாம்னு இருக்கேனுங்க."

"ஏன் சார், வேலையில கொறையா?"

"வேலையெல்லாம் சுத்தமுங்க. வேர்வ வாடதானுங்க. பக்கத்து டேபிள்ல சொல்றாங்க. துணி வாங்குற பையர் ஆளுங்க வேற வர்றாங்க. நாஞ்சொன்னா நல்லாருக்காதுங்க. நீங்களே பக்குவமாச் சொல்லிப்போடுங்க."

பேக்கிங் பின்கட்டில், தகரக் கூரையின் கீழ். அங்கே போனவர்கள் செக்கிங்குக்குத் திரும்பியதில்லை. பாண்டியம்மாள் ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கினாள்.

பிள்ளைப்பேறு முதல் மாமியார் சண்டை வரை பேசித் தீர்த்த வாய், இந்த ஒன்றுக்குக் கூசியது. டீ நேரத்தில் கருத்தம்மாவின் முகத்தைப் பார்க்காமல், டம்ளரைப் பார்த்துச் சொன்னாள்.

"வெயிலு கொல்லுது. குளிச்சிட்டுக் கக்கத்துல கொஞ்சம் சோடா தொட்டு வச்சுக்கடி. நான் அதான் செய்யிறேன்."

"சோடாவா? கோலி சோடாவாடி?"

"வெள்ளத் தூளுடி. சோடா."

"அதா? அது எங்க வீட்ல ஒரு பாட்டல் நெறையக் கெடக்கே." கருத்தம்மா வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். விஷயம் இவ்வளவு லேசாக முடிந்ததில் பாண்டியம்மாளுக்கு நிம்மதி.

மறுநாள் கருத்தம்மா இரண்டு கைகளையும் உடம்பில் ஒட்டாமல் அகட்டி வைத்துக்கொண்டு வந்தாள். மத்தியானம் தன் சோற்றை எடுத்துக்கொண்டு தனியே போனாள். அடுத்த நாள் வேலைக்கே வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அவளுடைய தெருவில் குடியிருக்கும் ஜெயசுதாதான் சேதி கொண்டுவந்தாள். "என்னயப் பேக்கிங்குக்குத் தள்ளச் சூப்பர்வைசரும் அவளும் கூடிப் பேசினதப் பக்கத்து டேபிள்ல கேட்டிருக்காங்க, அதுக்கு மேல தோல வேற பொசுக்கி விட்டுட்டா, இனி அந்தக் கம்பெனி வாசல மிதிக்க மாட்டேன்னு கருத்தம்மாக்கா சொல்லுதுக்கா."

அன்று பாண்டியம்மாள் சோறு வடிக்கவில்லை. ஜோதிகா வந்ததும் நடந்ததைச் சொன்னாள்.

"எந்தச் சோடான்னு சொன்ன?"

"சோடான்னு சொன்னேன்."

"அந்தக்கா வீட்டுக்காரரு எங்கம்மா வேல பாக்குறாரு?"

"காசிமாயனா? சாயப்பட்டறையில…" சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்தினாள்.

சாயப்பட்டறையில் சோடா என்றால் ஆப்ப சோடா இல்லை. நிறம் துணியில் பிடிப்பதற்குக் கொட்டும் காரம் அது. கல்யாண வீட்டு அண்டாவைக்கூட அதைப் போட்டுத் தேய்த்துவிடலாம். தோலில் வைக்கக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாள் ஆப்ப சோடாப் பொட்டலத்தோடு திருப்பூர் ராயபுரத்தில் கருத்தம்மாவின் வீட்டுக்குப் போனாள். கருத்தம்மா கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை.

"எங்கடி அந்தப் பாட்டலு?"

கருத்தம்மா கொண்டுவந்து வைத்தாள். பாண்டியம்மாள் அதில் ஒரு சிட்டிகை எடுத்து ஈர விரலில் தேய்த்தாள். வழுவழுவென்று வழுக்கி, வெதுவெதுவென்று சுட்டது. இன்னொரு விரலில் பொட்டலத்துத் தூளைத் தேய்த்து நீட்டினாள்.

"தொட்டுப் பாரு. நான் சொன்னது இது. தெனமும் நான் வைக்கிறது. ஆப்ப சோடான்னு முழுசாச் சொல்லாதது என் கிறுக்கு. சூப்பர்வைசர் வேர்வ வாடன்னு சொன்னத ஒளிச்சது இன்னொரு கிறுக்கு. ஒன்னயத் தள்ளிவிட்டு நான் அங்க யார்கூடடி நிக்க?"

கருத்தம்மா இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்த காசிமாயன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏண்டி, அது சாயம் ஒட்ட வைக்கிற சோடா. கக்கத்துல என்ன கலரு ஒட்ட வைக்கப் போன?"

முதலில் சிரித்தது கருத்தம்மாதான். சிரித்தபோது அக்குள் உரசி எரிந்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதய்யா" என்று கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் களிம்பு கொடுத்தார். தோல் ஆறும்வரை எதையும் தடவக் கூடாது என்றாள் ஜோதிகா. ஆறிய பிறகும் முழங்கையின் உட்புறம் முதலில் தடவிப் பார்க்க வேண்டும், ஆப்ப சோடாவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, எரிந்தால் கழுவிவிட்டு விட்டுவிட வேண்டும். சோள மாவில் பாதிக்கும் குறைவாகச் சோடா கலந்து கொடுத்தாள். கருத்தம்மாவுக்கு அந்தக் கலவை ஒத்துக்கொண்டது.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மகுடேஸ்வரன் மேஜைக்கு வந்தான். "ஏனுங்க்கா, ஒடம்பு பரவால்லீங்களா? அந்தப் பேக்கிங் விசயமுங்க…"

"சார், எம்மேல வாட வந்தா எங்கிட்டயே சொல்லுங்க. ஆள் விட்டுச் சொன்னா பாதி வார்த்தை வழியிலயே விழுந்துருது. இப்ப வருதா?"

அவன் காது வரை சிவந்தான். "இல்லீங்க்கா."

"அப்ப நான் எங்க நிக்கட்டும்?"

"இங்கயே நில்லுங்க."

அவன் போனதும் கருத்தம்மா பாண்டியம்மாளின் பக்கமிருந்த பனியன் அடுக்கில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ ஒரு பீஸ் பாக்குறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும், நகருடி" என்றாள். பாண்டியம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.