பன்றி நட்ட அளவுக்குச்சி

எங்கள் தராவாத் தீவிலேயே பெரிய சோம்பேறி கைத்தாராதான். அலை ஏறும் வீடுகளுக்குத் தடுப்புச்சுவர் கட்ட அளக்க வந்த அதிகாரி, போன முறை கடல்வெள்ளம் எட்டிய இடம் இது என்று அவன் வாசலில் அளவுக்குச்சி நட்டுப் போனார். தனி முளை அடிக்கச் சலித்து, அவன் அதிலேயே பன்றியைக் கட்டினான். அது குச்சியைப் பிடுங்கிக் கடலோரம் இழுத்துப் போனது. அவன் அங்கேயே நட்டுவிட்டான்.

திரும்பி வந்த அதிகாரி கடலோரக் குச்சியைப் பார்த்து, "அலை இவ்வளவுதான் வரும். உனக்குச் சுவர் வேண்டாம்" என்றார்.

"பன்னி இழுத்த குச்சி சார் அது!" என்றேன், பக்கத்து வீட்டிலிருந்து.

"கருவி பொய் சொல்லாது பாட்டி."

குச்சியை மாற்றி நட்டதற்குத் திட்டு விழுமோ என்று பயந்து கைத்தாராவும், "கெழவி ஒளறுது சார்" என்றான்.

அடுத்த பௌர்ணமி அலையில் அவன் கிழங்கு பயிரிட்டிருந்த குழி கடல்நீர் புகுந்து உப்பாய்ப் போனது. இப்போது கிழங்கு கேட்டு என்னிடம் வருகிறான்.

"தாரேன்டா. மொதல்ல பன்னிக்கு முளை அடி."