காந்தம் ஒட்டாத பாத்திரங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அம்மா வீட்டு அடுப்பில் பாலை வைத்தது நான். போன் வந்தது, பேசிக்கொண்டே மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட, கேஸ் மட்டும் சீறிக்கொண்டு இருந்திருக்கிறது. நேரம் பார்த்தது போல அப்போதுதான் என் தம்பி வாசலில் நுழைந்தான்.

அவன் போட்ட கூச்சலில் நான் மாடிப்படியில் இறங்கி வந்தேன். அம்மா கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். தம்பி ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு அவளைப் பார்த்துக் கத்தினான்.

“என்னம்மா இது? நீயும் போய், தெருவையும் கொளுத்திட்டுப் போறதுக்கா? உனக்கு மறதி ஜாஸ்தியாயிருச்சு. ஹவ்வா, இல்லையா?”

அம்மா படியில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து, “ஹவ்” என்றாள்.

இந்தச் செகந்திராபாத் பக்கத்து இந்தியில் ஹவ் என்றால் ஆமாம். தம்பிக்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகவே கேட்டது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு கணக்கு. அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த காலம்தொட்டு அம்மா இங்கேதான் இருக்கிறாள். தெலுங்கும் பேசுவாள், தக்கனி இந்தியும் பேசுவாள். என்றாலும் எங்களிடம் அவள் ஊர்த் தமிழைத் தவிர வேறு பேசியதில்லை. எங்களுக்கு ‘ஆமா’, ‘சரி’. ஹவ் என்பது கேட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு மட்டும். தள்ளுவண்டிக்காரன் விலைக்குக் காரணம் சொன்னால் “ஹவ் ஹவ்.” நன்கொடை கேட்டு வந்தவர் உபதேசம் செய்தால் “ஹவ் ஹவ்.” நீ சொன்னது காதில் விழுந்தது, இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே கேட்டைச் சாத்துவாள்.

எனக்கு அது புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். ஐம்பது வயதைத் தாண்டியவள், மூத்தவள், தம்பியிடம் திட்டு வாங்க வேண்டுமே என்ற வெட்கம். அம்மா எப்படியும் சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பிள்ளைகள் எல்லாரும் அம்மாக்களைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறோம்.

அப்பா போனதிலிருந்து அம்மா மல்காஜ்கிரி வீட்டில் தனியாக இருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கண்ணை மூடுகிற வரைக்கும் அந்த வீட்டில் இருக்க வேண்டும், தன் சோற்றைத் தானே பொங்கித் தின்ன வேண்டும். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. மாதாப்பூரில் பதினாறாவது மாடியில் குடியிருக்கிறவனுக்கு, மல்காஜ்கிரியில் ஒரு தனி வீடு ஒரு கிழவியோடு சும்மா இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பால் அவனுக்கு வசதியாகப் பொங்கியது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் செகந்திராபாத்தில் ஒரு கடைக்குப் போனோம். சமையலறைச் சாமான்கள் மட்டும் விற்கிற கடை, ஏசியும் கண்ணாடியுமாக இருந்தது. ஹாப் என்ற சொல்லை அம்மா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். “அடுப்புன்னு சொன்னா குறஞ்சா போவும்?” என்று என் காதில் சொன்னாள். மேடைமேல் வைக்கிற சாதாரண கேஸ் அடுப்பும் இருந்தது. கிரானைட்டை வெட்டி உள்ளே பதிக்கிற கேஸ் அடுப்பு இருந்தது. செக்கச்செவேலென்று கம்பி காய்கிற மின்சார அடுப்பு இருந்தது, அது எந்தப் பாத்திரத்தையும் ஏற்றுக்கொள்ளுமாம். கடைசியில் இண்டக்ஷன், கறுப்புக் கண்ணாடியாகப் படுத்துக் கிடந்தது.

விற்பனைப் பெண் சின்னவள், பொறுமைசாலி. பதிக்கிற கேஸ் அடுப்பைக் காட்டி, “இந்துலோ சேஃப்டி உந்தண்டி. மண்ட ஆரிபோத்தே கேஸ் ஆட்டோமேடிக்கா பந்த் ஐபோத்துந்தி” என்றாள். தெலுங்கில் மண்ட என்றால் தீச்சுடர். தீ அணைந்தால் கேஸ் தானாகவே நின்றுவிடும் என்கிறாள். தமிழ்க் காதுக்கு மண்டை ஆறிப்போனால் என்று விழும். தம்பியின் மண்டை ஆறினால் எல்லாமே தானாக நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கத்தான் செய்தேன்.

அம்மா அந்த அடுப்பின் குமிழைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். “ஏட்டி, இதப் பாரு. நல்லாத் திருகுதுலா. நம்ம அடுப்பு மாரியே இருக்கு” என்றாள். எழுபத்து நான்கு வயதில் அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசையைப் பார்த்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அதுக்கு மேடைய வெட்டணும்மா” என்றான் தம்பி. “கிரானைட்ட ஒருதரம் வெட்டினா வெட்டினதுதான். நாளைக்கு வீட்ட யாருக்காவது விடணும்னா?”

அம்மா குமிழிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை, போனில் ஸ்டார் ரேட்டிங் பார்த்துக்கொண்டிருந்தான். செங்கம்பி அடுப்பில் கை சுட்டுவிடும் என்றான். சாதா கேஸ் அடுப்பு என்ற பேச்சே கூடாது என்றான். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்கள். எரியாத கொள்ளிதான் நல்ல கொள்ளி என்று முடிவுகட்டி, இண்டக்ஷன் பக்கம் போய் நின்றான்.

“வண்டேதி எவரண்டி?” என்று கேட்டாள் அந்தப் பெண். சமைக்கப்போவது யார்? அன்று முழுக்க அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். அதைக் கேட்டவள் எங்களுக்கு யாரோ.

நான் பேசியிருக்க வேண்டிய இடம் இது. தீ அணைந்தால் கேஸ் நிற்கிற அடுப்பு கண் முன்னால் இருக்கிறது. நடந்த கோளாறுக்கு அதைவிட நேரான மருந்து கிடையாது. “கிரானைட் கிடக்கட்டும், அம்மாவுக்கு இதுதான்” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பி முனகிக்கொண்டே வாங்கியிருப்பான். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் அன்றைக்கு என்ன நடந்தது, யார் பால் வைத்தது என்று பேச்சு வளரும். நான் சிம்னிகளைப் பார்க்கிற மாதிரி நகர்ந்துபோனேன். அந்தப் பெண் இண்டக்ஷனைக் காட்டி, “ஓகேனா ஆன்ட்டி?” என்றாள். அம்மா ஹவ் என்றாள். பில் போட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும் தம்பி காந்தப் பரீட்சை நடத்தினான். காந்தம் ஒட்டாத பாத்திரம் இண்டக்ஷனில் சூடேறாதாம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சிங்கப்பூர்ச் சிங்கக் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனான். அம்மாவின் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் சிங்கத்தை வைத்தான். ஒட்டினால் மேடைமேல், ஒட்டாவிட்டால் தரையில் விரித்த பேப்பர்மேல். சோற்றுப்பானை அலுமினியம், கீழே. இட்லிக் கொப்பரை, கீழே. பித்தளை உருளி, கீழே. செம்பு அடி போட்ட குழம்புச் சட்டி, அதுவும் கீழே. தோசைக்கல்லில் சிங்கம் சந்தோஷமாக ஒட்டியது, ஆனால் அடி வளைந்திருக்கிறது என்று அதையும் கீழே இறக்கினான். கடைசியில் மேடைமேல் மிஞ்சியது பால் காய்ச்சுகிற ஒரு ஸ்டீல் பாத்திரமும், யாரோ கல்யாணத்தில் கொடுத்த ஒரு மூடியில்லாத சட்டியும்.

அம்மா முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இண்டாலியம் அப்பச்சட்டி கீழே போனபோது மட்டும் வாயைத் திறந்தாள்.

“காந்தம் ஒட்டலன்னா போட்டும்யா. அப்பம் ஒட்டாதுலா. அதான வேணும்?”

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி மாடி அறையில் போட்டான். சிலிண்டர் கையில் இருந்தால் அம்மா திரும்பவும் பழைய அடுப்பை எடுத்து வைத்துவிடுவாள் என்று, கேஸ் கனெக்ஷனையும் சரண்டர் செய்யக் காகிதம் கொண்டுவந்திருந்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். அம்மா போட்டாள்.

கறுப்புக் கண்ணாடிக்கும் அம்மாவுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. அதற்குக் குமிழ் கிடையாது, தொட வேண்டும். ஐம்பது வருஷம் புளியும் சாம்பலும் சோப்பும் தின்ற அவள் விரல்நுனி காய்ந்து தேய்ந்து கிடந்தது. பத்துத் தடவை தொட்டால் ஒரு தடவை எடுக்கும். விரலை நனைத்துக்கொண்டு தொட்டால் கண்ணாடியில் ஈரம் பட்டு, கீகீ என்று கத்திவிட்டு அணைந்துபோகும். ஒருநாள் நான் போனபோது கதவைத் தட்டுகிற மாதிரி விரல் முட்டியால் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“இது என்னைய ஆளாவே மதிக்க மாட்டேங்குட்டி” என்றாள்.

தீயைக் கண்ணால் பார்த்துச் சமைத்தவள் அவள். கூட்டுவதும் குறைப்பதும் நிறம் பார்த்துத்தான். கண்புரை விழுந்த கண்ணுக்கு அந்தக் கண்ணாடியில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. அப்பளம் சுட முடியாது, கத்தரிக்காய் சுட முடியாது. கரண்ட் போனால் ஒரு வாய் டீ கிடையாது, இன்வர்ட்டர் அந்தக் கண்ணாடியை இழுக்காது. தம்பிக்குப் போன் பண்ணினேன். “சிம்பிள் அக்கா, வீடியோ அனுப்புறேன், அம்மாட்ட காட்டு” என்றான். ஐந்து வீடியோ வந்தது. ஐந்திலும் ஒரு பையன் இந்தியில் பாஸ்தா செய்தான்.

அம்மா எங்களிடம் குறை சொல்வதை நிறுத்தினாள். பிறகு சமைப்பதை நிறுத்தினாள். பன், வாழைப்பழம், ஆறிய பால். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தனுப்புகிற பப்பு என்கிற பருப்புக் குழம்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. மழைக்காலம் முடிவதற்குள் ஜாக்கெட்டெல்லாம் தோளில் தொங்க ஆரம்பித்தது. டாக்டர் வேறு நோய் ஒன்றும் இல்லை, சாப்பிடச் சொல்லுங்கள் என்றார்.

“பாத்தியாக்கா? தனியா இருக்க முடியல. நான் அப்பவே சொன்னேன்ல?” என்றான் தம்பி. குரலில் நிஜமாகவே கவலை இருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. நான் மட்டும் என்ன? ஓநாய்க்குக் குடை பிடித்தவள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அம்மாவை குஷாய்குடாவில் என் குடியிருப்புக்கு அழைத்துவந்தேன். என் சமையலறையில் சாதாரண கேஸ் அடுப்புதான். அதன் பக்கமே அவள் வரவில்லை. “இது ஒன் அடுப்பு” என்றாள். தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள், உப்பு இல்லாவிட்டாலும் சொல்லமாட்டாள். என் மகள் அவளிடம் தெலுங்கில் கேட்பதற்குத் தெலுங்கிலேயே பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பாள். உடம்பு கொஞ்சம் தேறியது. தேறியதை எல்லாரும் என்னிடம் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

மல்காஜ்கிரி வீட்டில் தம்பி ஒரு இளம் தம்பதியைக் குடிவைத்தான். மாடி அறையில் பூட்டிவைத்த பீரோவிலிருந்து சால்வை எடுக்க வேண்டும் என்று அம்மா கேட்டதால், ஜனவரியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். கணவன் வெளியே போயிருந்தான். வாய் நிறைய ஆன்ட்டி ஆன்ட்டி என்று வரவேற்று, எங்களை நேரே சமையலறைக்கே அழைத்துப் போனாள்.

மேடையின் கிரானைட்டை வெட்டியிருந்தார்கள். சுத்தமாக, ஓரத்தில் ஒரு கீறல் இல்லாமல். உள்ளே நான்கு பர்னர் கேஸ் அடுப்பு பதித்திருந்தது, அம்மா கடையில் திருகிப் பார்த்த அதே மாதிரி. குடிவருவதற்கு முன்பே வேண்டும் என்று இவர்கள் கேட்டார்களாம், சார் ஒரே நாளில் ஆள் அனுப்பி முடித்துக்கொடுத்தாராம். சார் ரொம்ப நல்லவர் என்றாள் அந்தப் பெண். எனக்கு என் மூஞ்சியிலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அம்மா அடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், “நேனு டீ பெட்டனா அம்மா?” என்று கேட்டாள். நான் டீ போடட்டுமா?

“அய்யோ, மீரா ஆன்ட்டி? பெட்டண்டி, பெட்டண்டி!” நீங்களா ஆன்ட்டி, போடுங்கள் போடுங்கள் என்கிறாள்.

அம்மா குமிழை அழுத்தித் திருகினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீலமாகத் தீ வந்தது. தண்ணீர் வைத்தாள், இஞ்சியைத் தட்டிப் போட்டாள், தூள் போட்டாள், பால் ஊற்றிப் பொங்கி வரும்போது தீயைத் தணித்தாள். கை ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. இவளுக்குத்தான் மறதி என்று கையெழுத்து வாங்கினோம். மூன்று கப்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, துணி எடுத்து மேடையைத் துடைத்தாள். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டு, “சூப்பர் ஆன்ட்டி, எப்புடைனா ரண்டி” என்றாள். எப்போது வேண்டுமானாலும் வரலாமாம்.

சால்வையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினோம். அம்மா ஏறி உட்கார்ந்து சால்வையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என் வீட்டு அடுப்பப் பத்தவைக்க, அந்தப் பிள்ளட்ட கேட்டுக்கிட்டு நின்னேன் பாத்தியாட்டி?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எங்கே போக வேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். நான் என் வீட்டு விலாசத்தைச் சொன்னேன்.