நல்ல காற்று காட்டிய பெட்டி

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. நானும் நம்பாமல் இருக்கத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த எண்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன.

நெய்வேலியில் காற்றின் தூசியை அளக்கும் சென்சார் பெட்டிகளைப் பொருத்துவது என் வேலை. கான்ட்ராக்ட்தான். சின்ன விசிறி காற்றை உள்ளே இழுக்கும். லேசர் ஒளியில் தூசி பட்டுச் சிதறுவதைப் பெட்டி எண்ணி, என் போனுக்கும் அனுப்பும். நுரையீரலின் அடிவரை போகிற நுண்தூசிக்குப் பி.எம். 2.5 என்று பெயர். அறுபதைத் தாண்டினால் கெடுதல்.

ஐப்பசியில், வடலூர் சாலையில் அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல் அறுக்கும் ஒரு பட்டறையில் ஒன்றை மாட்டினேன். எண் இரண்டைத் தாண்டவே இல்லை. முதலாளிக்குச் சந்தோஷம். என் சூப்பர்வைசர் செந்தில்நாதனுக்கும். அங்கே கல் சுமந்த சாமியம்மாள் மட்டும் கேட்டாள்.

“ஏம்மா, பொட்டி இன்னா சொல்லுது?”

“நல்ல காத்துன்னு சொல்லுதுக்கா.”

“அப்ப நான்தான் வேலைக்கு டிமிக்கி குடுக்க இருமிக்கினு இருக்கேனா?”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பெட்டியை நம்பி வேலைக்கு வந்துகொண்டே இருந்தாள். தை மாதம் செத்துப்போனாள்.

மாசியில் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று மாலை ஐந்துக்குள் நான் கையெழுத்திட்டால், காற்று சுத்தம் என்று பட்டறைக்குச் சான்றிதழ். இன்னும் பதினாறு பெண்கள் அங்கேயே சாம்பல் அள்ளுவார்கள். கணவர் செகண்ட் ஷிஃப்ட். குவார்ட்டர்ஸில் நான் மட்டும்.

3.40. கையெழுத்துக்கு முன் ஒருமுறை சரிபார்க்க, சாப்பாட்டு மேசையில் வைத்து ஆன் செய்தேன். எண் 0.

3.52. பின்னால் ஒரு இருமல். எண் 212. உடனே மறுபடி 0.

திரும்பினேன். யாருமில்லை. ஜன்னல்கள் மூடியிருந்தன.

3.53. இருமல்... இன்னும் கிட்டத்தில். 390.

3.54. என் தோளருகே. நீளமாக... இழுத்து... இழுத்து...

612.

கழுத்தில் சூடான மூச்சு...

ஓடினேன்.

தெருவில் நின்று போன் செய்தேன்.

“சார், பெட்டி அறநூத்திப் பன்னெண்டு காட்டுது.”

“கெட்டுப் போயிருக்கும் புவனா. கையெழுத்தப் போடு.”

நான் போடவில்லை. ஐந்து மணிக்கு அவரே போட்டுவிட்டார். பதினாறு பேரும் இன்னும் அங்கேதான்.

பெட்டியைச் சோதிக்க அனுப்பியிருந்தேன். அடுத்த வாரம் சென்னை லேபிலிருந்து தமிழ்நிலா கூப்பிட்டாள்.

“பெட்டியில ஒரு கோளாறும் இல்லக்கா. ஆனா மூடிக்குள்ள ஜீரோ ஃபில்டர நீங்க கழட்டவே இல்லையே?”

பெட்டி பூஜ்யம் காட்டுகிறதா என்று சோதிக்க, தூசி நுழையாதபடி காற்று போகும் துளையில் போடும் வடிகட்டி அது. மாட்டிய அன்றே கழற்றியிருக்க வேண்டும். நான் மறந்திருக்கிறேன். நான்கு மாதம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த எண் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அன்று என் மேசைமேல் இருந்தபோதும் வடிகட்டி அதில்தான் இருந்தது. வெளியிலிருந்து ஒரு துகள்கூட உள்ளே போயிருக்க முடியாது.