ஒரே தாளில் இரண்டு கோடுகள்

மகள் வரைபுத்தாள் கட்டைப் பிரித்ததும் புதுக் காகித வாசனை எழுந்தது. அதோடு, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த பழைய லயத்து அறையும் நினைவுக்கு வந்தது.

அன்று மழை விட்டு, வாசல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து திரும்பிய அம்மா, பச்சைக் கொழுந்து மணக்க, அப்பாவோடு அடுப்பருகே குளிர் காய்ந்தார். ஒரு வருடம் பிந்திப் பள்ளிக்கூடம் சேர்ந்ததால் அக்காவும் நானும் ஒரே வகுப்பு; வருடக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை. மறுநாள் அவள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போவதாக இருந்தது. துணிப்பை கட்டி வைத்தாயிற்று.

ஒரே வரைபுத்தாளில் ஒரு சமன்பாட்டின் கோட்டை அவள் வரைந்தாள், மற்றதை நான்.

“என்னடி செய்றீங்க?” என்றார் அம்மா.

“ரெண்டு கோடும் எங்க சந்திக்குதுன்னு பாக்குறோம்மா. அந்தப் புள்ளிதான் விடை,” என்றாள் அக்கா. பிழையாயிருந்த என் கோட்டை அழித்து, மெதுவாகத் திரும்பக் கீறினாள். கோடுகள் வெட்டிய இடத்தில் புள்ளி வைத்துவிட்டு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

அம்மா அவளையே பார்த்தார். பிறகு அப்பாவிடம், “இவ போக வேணாங்க. பரீட்ச எழுதட்டும்,” என்றார்.

அப்பா வெகுநேரம் நெருப்பைக் கிளறினார். “சரி, புள்ள படிக்கட்டும்.”

அக்கா பையை அவிழ்த்து, உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள்.

மகள் கணக்கில் மூழ்கியிருக்கிறாள். நான் அக்காவுக்குப் போன் எடுக்கிறேன். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு, இந்நேரம் தலவாக்கலை பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள்.