பெயர் வரிசையில் விழுந்துபோன ‘ஊலு’

இன்று கோச்கோர் பேருந்து நிலையத்தில் தாஷ்தான்பெக் அண்ணனைச் சந்தித்தேன். ஏற்கெனவே பலமுறை பார்த்த படத்தை இன்னொரு முறை பார்க்க நாரினுக்குப் போய்க்கொண்டிருந்தார். ‘பார்க்க’ என்று சொல்வதுகூடத் தப்பு. படம் தொடங்கும்போது எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்வார். அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார். வீட்டில் ஆடுகள் இருக்கின்றன.

அந்த வார்த்தை ‘ஊலு’. எங்கள் மொழியில் மகன் என்று அர்த்தம். அவர் பெயரிலேயே அது இருக்கிறது: மாமிர்பாய் ஊலு தாஷ்தான்பெக். அதாவது மாமிர்பாயின் மகன் தாஷ்தான்பெக்.

அப்பா மாமிர்பாய் குதிரையிலிருந்து விழாதவர். ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு ஓடும் விளையாட்டில் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தும் சேணத்தை விட்டு அசையாதவர். அவருடைய சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த ஒன்றைத்தான் சொன்னார்கள். வேறு நல்ல குணங்களும் இருந்திருக்கும். யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மகன் விழுவார். சின்ன வயதில் விழுந்தார், கல்யாண ஊர்வலத்தில் விழுந்தார், ஒருமுறை குதிரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது விழுந்தார். பிறகு பால் வண்டி ஓட்டினார், அதில் ஒருநாளும் விபத்து இல்லை. இப்போது ஆடு மேய்க்கிறார். ஊரில் யாரும் அவரைக் கேலி செய்வதில்லை என்று அவர் மனைவி அனார்குல் அக்கா சொல்கிறார். பக்கத்து வீட்டு எசென்கானை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் மேய்ச்சல் மேட்டுக்குப் படம் எடுக்க வந்தார்கள். கதாநாயகன் குதிரையிலிருந்து விழ வேண்டும். கதாநாயகனுக்கு இஷ்டமில்லை. உதவி இயக்குநர் மெய்ரிம் என்ற பெண் ஊர் நடுவில் நின்று கேட்டாள்.

“விழத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?”

எல்லா விரல்களும் ஒரே பக்கம் நீண்டன.

“இவனைக் கூட்டிட்டுப் போம்மா,” என்றார் எசென்கான். “கட்டிப்போட்ட குதிரைலருந்தே விழுவான்.”

முதல் தடவை கேமரா ஓட ஆரம்பிக்கும் முன்பே விழுந்துவிட்டார்.

“அண்ணே, நான் இன்னும் சொல்லவே இல்லையே!” என்றாள் மெய்ரிம்.

“நான் எப்பம்மா சொன்னதும் விழுந்திருக்கேன்?”

இரண்டாவது தடவை அருமையாக விழுந்தார். காறை எலும்பு விரிசல் விட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். பேர் வேண்டும் என்றார். கண்டிப்பாகப் படம் முடிந்ததும் வரும் என்றாள்.

“முடிஞ்சப்புறம் வேணாம்மா. எங்க ஊர்ல கதை முடிஞ்சதும் விளக்கைப் போட்டுருவாங்க. எல்லாரும் கோட்டைத் தேடிக்கிட்டு நிப்பாங்க. அப்ப வர்ற பேரு அவங்க முதுகுலதான் விழும். முன்னாடி போடு.”

இதை எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் கேட்டிருப்பார். எங்களில் ஒருவன் வாயைத் திறந்தால் முதலில் ஏழு தலைமுறை அப்பாக்களின் பெயரைச் சொல்லத் தெரிய வேண்டும். படமும் அப்படித்தான். தான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும். படம் போடும் ஊர் மன்றத்தில் பெயர்கள் ஓடும்போது எல்லோரும் சத்தமாக வாசிப்பார்கள். “ஒளிப்பதிவா? இவன் அத்பாஷிக்காரன்ல?” “இல்லடா, அது இவன் மாமன் ஊரு.” படம் நன்றாக இருக்குமா இருக்காதா என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். மாமிர்பாய் இருந்த காலத்தில் பெயர்களும் தலைப்பும் வரும்வரை முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாராம். தலைப்பு வந்ததும், “யாரு எடுத்ததுன்னு தெரிஞ்சாச்சு, போதும்,” என்று எழுந்து குதிரையைப் பார்க்கப் போய்விடுவாராம். அவர் ஒரு படத்தில்கூடக் கதையைப் பார்த்ததில்லை.

மெய்ரிம் சொன்ன சொல் தவறவில்லை. குளிர்காலத்தில் படம் எங்கள் மன்றத்துக்கு வந்தது. தாஷ்தான்பெக் அண்ணன் அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். நடிகர்கள் பெயர் வந்தது, இசை வந்தது. பிறகு அந்த வரி வந்தது:

குதிரையிலிருந்து விழுந்தவர் – மாமிர்பாய் தாஷ்தான்பெக்.

நடுவில் ‘ஊலு’ இல்லை. அந்தச் சின்னச் சொல் போனதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அது இல்லாவிட்டால் முன்னால் இருப்பது ஆள் பெயர், பின்னால் இருப்பது அப்பா பெயர் என்றுதான் எங்கள் பக்கம் படிப்பார்கள். ஆள் பெயர் மாமிர்பாய், அவருடைய அப்பா பெயர் தாஷ்தான்பெக் என்று ஆகிவிட்டது. அப்பா மகனுக்கே மகனாகிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. குதிரையிலிருந்து விழுந்தும்விட்டார்.

யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னப்பா,” என்றது எசென்கான் குரல், “மாமிர்பாய் விழுந்துட்டாரா?”

“எப்ப?”

“செத்தப்புறமாத்தான் இருக்கும்.”

சிரிப்பு அடங்குவதற்குள் தலைப்பு வந்தது: ‘பனிக்கு முந்திய வாரம்’. பனி எப்போது வரும் என்று கடைசிவரை காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. “முந்தியன்னுதானே போட்டிருக்கான்,” என்று மற்றவர்கள் விளக்கினார்கள். அண்ணன் அருமையாக விழுந்த அந்தக் காட்சியை யாரும் கவனிக்கவில்லை. மாமிர்பாய் விழுந்தாரா இல்லையா என்பதில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மெய்ரிமைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மன்னிச்சிருங்கண்ணே. எழுத்துப் போட்ட பையன் பிஷ்கெக்ல, பட்டணத்துல வளர்ந்தவன். வரி நீளமா இருந்துச்சாம். நடுவுல இருந்தது ஏதோ பிழைன்னு நெனச்சு எடுத்துட்டான்.”

“பிழை இல்லம்மா,” என்றார் அண்ணன். “அது நான்.”

இதை அவர் பேருந்து நிலையத்தில், டீக் குவளையை ஊதிக்கொண்டே, வானிலை சொல்வது மாதிரிச் சொன்னார். நான் என் குவளையைக் கீழே வைத்துவிட்டேன். டீ சூடு என்று நினைத்துத் தன் குவளையை மாற்றிக் கொடுத்தார்.

படம் ஏற்கெனவே ஊர் ஊராகப் போய்விட்டது, இனித் திருத்த முடியாது என்று மெய்ரிம் அழுதிருக்கிறாள். “அழாதே, எலும்பு கூடிருச்சு,” என்று இவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி படம் போட்டார்கள். அந்த வரி வந்ததும் அண்ணன் எழுந்து நின்று, “ஊலு!” என்று கத்தினார். உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்க, மானம் போகுது,” என்றார் அனார்குல் அக்கா.

“அதைத்தான் திருப்பிக் கொண்டுவர்றேன்.”

அதற்கடுத்த தடவை படம் போட்டபோது மூன்று வரிசை சேர்ந்து கத்தியது. அதற்கும் அடுத்த தடவை முழு மன்றமும். எசென்கான் குரல்தான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. கேட்டபோது, “மாமிர்பாய் விழலைன்னு எனக்குத் தெரியாதா? கூட விளையாடுனவன்டா நான்,” என்று கோபப்பட்டார். இப்போது அண்ணன் கிளம்பத் தாமதித்தால் அனார்குல் அக்காதான் விரட்டுகிறார்: “பேரு ஓடிரப்போகுது, எந்திரிங்க!”

பக்கத்து ஊர்களில் படம் போட்டபோது அங்கும் போனார். ஓரிடத்தில் வெளியே பிடித்துத் தள்ளினார்கள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டாராம்.

“அவ்வளவு தூரம் போகணுமாண்ணே? அங்க உங்க அப்பாவை யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“அதனாலதான் போகணும். இங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். அங்க அவரைப் பத்தித் தெரியிறதே அந்த ஒரு வரிதான்.” கொஞ்சம் யோசித்தார். “அதோட, அப்பா இருந்திருந்தா தலைப்பு வந்ததும் எழுந்து போயிருப்பாரு. தான் விழுந்ததைப் படிச்சிருப்பாரு. நான் எவ்வளவு நல்லா விழுந்தேங்கிறதைப் பார்த்திருக்கவே மாட்டாரு.”

பேருந்து வந்தது. படியில் ஏறும்போது கால் தடுக்கியது. நடத்துநர் பிடித்துக்கொண்டார்.

படம் இனி கணவாய்க்கு அந்தப் பக்கம், தலாஸுக்கும் ஓஷுக்கும் போகிறதாம். ஆடுகள் குட்டி போடும் காலம், அண்ணனால் போக முடியாது. அதனால்தான் அவசர அவசரமாக இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை அனுப்புங்கள். ‘பனிக்கு முந்திய வாரம்’ உங்கள் ஊருக்கு வந்தால் தயவுசெய்து தாமதமாகப் போகாதீர்கள், கொறிக்கிற சூரியகாந்தி விதையை உள்ளே போய் வாங்கிக்கொள்ளலாம். இசைக்கு அடுத்த வரி. எழுந்து நின்று, “ஊலு!” என்று ஒரு தடவை சொல்லுங்கள். பிறகு உட்கார்ந்து அவர் விழும்வரை பாருங்கள். உண்மையாகவே நன்றாக விழுகிறார்.